கூட்டல் கால்

ஏலத்தில் போட்டிருந்தது இருநூற்று முப்பத்திரண்டு.
எண்ணினேன்.
இருநூற்று இருபத்தெட்டு.
காப்பி குடித்துவிட்டு மறுபடி எண்ணினேன்,
இம்முறை வலமிருந்து இடமாக.
கண்ணாடி வில்லைகளுக்கு இரக்கமில்லை.
இருபத்தெட்டேதான்.

போஸ்னானில் கிளம்பி
கோபன்ஹேகனில் ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்து
டோர்ஸ்ஹவ்ன் சுங்கத்தில் என்னிடம் வரியும் வாங்கி
க்லாக்ஸ்விக் வந்து சேர்ந்த மரப்பெட்டி.
மூலை இடிபடவில்லை. ஒட்டுநாடா பிரியவில்லை.
பித்தளைக் கொக்கி வாய்மூடி இருந்தது.
குற்றவாளியும் அப்படித்தான் இருப்பான்.

நான் தீவு தீவாகப் போய்க் கண் பார்க்கிறவள்.
படகில் தூக்கிப்போக இன்னொரு பெட்டி வேண்டியிருந்தது.
புதியதின் விலைக்கு என் காருக்கு நாலு டயர் மாற்றலாம்.
ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
முகம் தெரியாத ஒருவரை இருபது குரோனாவில் முந்தினேன்.
வென்றுவிட்டீர்கள் என்றது திரை.
அந்த ஒரு சொல்லுக்கே
பாதிக் காசு கொடுத்திருப்பேன் போல.

புகார்ப் படிவம் கேட்டது:
வரவே இல்லையா, உடைந்து வந்ததா, குறைந்து வந்ததா?
குறைந்து.
எத்தனை?
நாலைத் தட்டப்போன விரல் அந்தரத்தில் நின்றது.

மேசை விளக்கை இழுத்து வெல்வெட்டைப் பார்த்தேன்.
காலிப் பள்ளம் நாலு.
இரண்டில் தூசி. பழம்தூசி.
ஊசியால் கிண்டினால் நூலாய் எழுந்து வருகிறது.
அவை நான் பிறக்குமுன்பே காலியானவை.
மற்ற இரண்டும் பளிச்சென்று சிவப்பு,
நேற்றுவரை ஆள் குடியிருந்த வீடு மாதிரி.

ஏலத்தின் கணக்கு நாலு.
வெல்வெட்டின் கணக்கு இரண்டு.
இரண்டு என்று போட்டேன்.
நல்லவள் என்பதால் இல்லை.
தூசியைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன்;
பார்த்ததைப் பார்க்காததாக்கும் வில்லை
என் இரண்டு பெட்டியிலும் கிடையாது.

இயந்திரம் மொழிபெயர்த்த தமது போலிஷில்
ஸ்பிக்னியெவ் எழுதினார்:
"திருமதி சுன்வா, படம் எடுக்கையில் இரண்டு உருண்டன.
அடுப்பின் கீழ் நான் தேடப்படுகிறேன்.
நாற்பது ஸ்லோட்டி திருப்பவா?
எண்ணியது இல்லை. மூடியில் அச்சிட்டதை நம்பினேன்."

பதினேழாம் நாள் ஓர் உறை.
டிராம் சீட்டில் சுருட்டி ஒரே ஒரு வில்லை.
மற்றதெல்லாம் பித்தளை விளிம்பு, இது நிக்கல்.
பள்ளத்தில் உட்கார மறுத்தது.
வேறு பெட்டியின் பிள்ளை.
எந்தக் கடையில் கேட்டாரோ, யாருக்குப் பல்லைக் காட்டினாரோ.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

உருண்டு போனவை எவை என்று சொல்லவில்லையே.
கூட்டல் கால். ஜோடியாக.
இருப்பதிலேயே சன்னம் அதுதான்,
ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்து வீடு.
எல்லாம் முடிந்தபின் உப்புப் பார்ப்பதுபோல்
கடைசியில் வைத்துப் பார்ப்பது.
"இது தெளிவா, முன்னது தெளிவா?"
என்று நான் கேட்பதே அதை வைத்துக்கொண்டுதான்.

கல்சோய் தீவில், பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடத்தில்
ஹெரால்வுர் வந்து உட்கார்ந்தார்,
தூண்டில் முடிச்சு தெரியவில்லை என்று.
சோதனைச் சட்டத்தை மூக்கில் ஏற்றி
ஒவ்வொன்றாய் மாற்றிக்கொண்டே வந்தேன்.
முடிவில், பழக்கதோஷம்,
விரல் காலிப் பள்ளத்துக்குப் போய்
இல்லாததை எடுத்து
அவர் கண்ணுக்கு முன் பிடித்தது.
வாயும் கேட்டுவிட்டது:
இது தெளிவா, முன்னது தெளிவா?

மனிதர் யோசித்தார்.
தலையை ஒருபக்கம் சாய்த்தார்.
"இது," என்றார். "ஒரு பொட்டு."

நான் சிரிக்கவில்லை.
சீட்டில் எதை எழுதுவதென்று பேனா நிற்க,
கீழே துறையில் படகு ஊதிற்று.

திரும்புகையில் கைப்பேசியில் அதே படிவம்:
உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?
ஆம். இல்லை.
பையிலிருந்த நிக்கல் வில்லையை எடுத்து
அந்த இரண்டு சொல்லின்மேலும் பிடித்தேன்.
ஆம் துளி பெரிதாகத் தெரிந்தது.
இல்லையும்தான்.